மிஷின் சுருதி

என் முதல் ஆல்பத்தை அப்பா பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்.

கூடலூர் மலையில் தேவர்சோலைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். ஃபேக்டரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூரிலிருந்து மதியம்தான் வந்து இறங்கியிருந்தேன். பையில் என் படம் போட்ட சி.டி. இருந்தது. அதை நான் வரும் வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்ததில் உறை நசுங்கிப்போயிருந்தது.

அப்பா அன்றைக்கு டூட்டியில் இல்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா பக்கத்து வீட்டு ஸ்டோர் கிளார்க்கையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தாள். வடை இருந்தது. வெளியே மஞ்சு, எங்கள் ஊர் மூடுபனி, இறங்கி ஜன்னலை மூடியிருந்தது.

முதல் பாட்டுக்கு அப்பா தலையாட்டினார். இரண்டாவது பாட்டில் தலை நின்றது. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து, வெள்ளை வேட்டிமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்பேனரை எடுத்தார்.

"ஏனுங்க, புள்ள பாட்டு ஓடிட்டிருக்குது. எங்கீங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"ஃபேக்டரில ஏதோ ஒண்ணு தப்பா ஓடுது. பேரிங்கா இருக்கும். பாத்துட்டு வந்தர்றேன்."

போய்விட்டார். மிச்சப் பாட்டுகளை நாங்கள் நாலு பேர் கேட்டோம். கிளார்க்கின் மனைவி, "சாருக்கு எப்பவும் டூட்டிதானுங்க," என்று என்னைச் சமாதானப்படுத்தினார். நான் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆல்பம் முடிந்து வெகுநேரம் கழித்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். "எல்லாம் சரியாத்தான் ஓடுது. பின்ன எதுன்னே தெரியல," என்றார். சோறு தின்னும்போதும் அதே யோசனை. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திருப்பூர்க்காரரின் சந்தேகம்

இந்த விஷயத்தை எழுதவேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இந்தத் தொடரைப் படிக்கும் திருப்பூர் வாசகர் ஒருவர்தான் கிளப்பிவிட்டார். கீபோர்டு வாசிக்கிறவராம். உங்கள் ஆரம்பகாலப் பாட்டுகள் எந்தக் கட்டைச் சுருதியிலும் சேரவில்லையே, ஐந்து கட்டையில் வைத்தால் நீங்கள் மேலே நிற்கிறீர்கள், ஐந்தரையில் வைத்தால் கீழே நிற்கிறீர்கள், அது உங்கள் பாணியா, இல்லை சுருதி தெரியாமல் பாடினீர்களா என்று கேட்டிருந்தார்.

முதலில் சுருக்கென்றது. பிறகு சிரித்தேன். ஐயா, உங்கள் காது நல்ல காது. பாணியும் இல்லை, தெரியாமலும் இல்லை. அது எங்கள் ஃபேக்டரியின் சுருதி.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கீதம் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

தோல் பெல்ட்

அப்பா கீழே சமவெளியில் கோபி ஊர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். ஃபேக்டரியில் ஃபிட்டர். பறித்த கொழுந்தை மாடியில் நீள நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் போட்டுக் காற்றை ஊதி வாட்டுவார்கள். வாடினால்தான் ரோலரில் போடமுடியும். சாயங்காலம் கொழுந்து வந்தால் மறுநாள் காலைவரை ஃபேன் ஓடும். எங்கள் ஃபேக்டரி பழசு. ஒரு நீண்ட ஷாஃப்ட் சுற்ற, அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு ஃபேனையும் சுற்றவைக்கும்.

அந்த ஃபேன்கள் சேர்ந்து ஒரு சத்தம் போடும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள். அதுதான். சுவரில், கட்டிலில், தண்ணீர் டம்ளரில் எல்லாம் அது இருக்கும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறீர்களோ என்பார்கள். நாங்கள் கோபிக்குக் கல்யாணத்துக்குப் போனால் சத்தமே இல்லாமல் தூக்கம் வராது. அப்பா இன்னும் மோசம். எவ்வளவு அசந்து தூங்கினாலும் ஃபேன் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

எனக்குக் கிடார் வந்தது ப்ளஸ் டூ முடித்த வருஷம். இரவல் கிடார். அதோடு சுருதி வைக்கும் கருவி எதுவும் வரவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து கம்பியை முறுக்குவேன். ஃபேன் சத்தத்தோடு சேரவில்லை என்றால் காதுக்குள் "வவ்வவ்வ" என்று ஒரு நடுக்கம் வரும், பல் கூசும். முறுக்க முறுக்க அந்த நடுக்கம் மெதுவாகி, நின்றுவிடும். அப்போது கிடார் எங்கே முடிகிறது, ஃபேக்டரி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. எல்லா ஊரிலும் இப்படித்தான் சுருதி சேர்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. மழைக் காலத்தில் தோல் பெல்ட் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், சத்தமும் ஒரு நூல் இறங்கும். அப்பா போய்ப் பெல்ட்டை இழுத்துக்கட்டி, பிசின் தடவிவிட்டு வருவார். "பெல்ட் லூஸு" என்பது எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கூடலூர் பஸ் லேட்டா, பெல்ட் லூஸு. மாமாவுக்கு உடம்பு முடியவில்லையா, பெல்ட் லூஸு. என் கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னார்.

ஆக, நான் பனிக் காலத்தில் கட்டிய பாட்டுகள் ஒரு சுருதி, மழையில் கட்டியவை அதற்கு ஒரு நூல் கீழே. இது எனக்கே வெகுகாலம் தெரியாது.

குப்பைச் சத்தம்

கிடாரை இரவல் கொடுத்தவர் ஜோபி அண்ணன். தேவர்சோலை பஜாரில் ஜெராக்ஸும் ரீசார்ஜும் போடும் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிப்பார். குன்னூரோ ஊட்டியோ போய்வந்தால் புதுக் கம்பி வாங்கிவருவார். மலையில் கிடார் வைத்திருப்பதே ஒரு வேலை, ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும், கட்டை ஊதும். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு, அதன் பக்கத்தில் கிடாரை நிறுத்திவைக்க அவர்தான் சொன்னார். எங்கள் வீட்டில் கிடாரும் அம்மாவின் பட்டுப்புடவையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன.

என் பாட்டுகளை முதலில் பதிவு செய்ததும் அவர்தான். எங்கள் படுக்கையறையில், ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தி, கடைக் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து வைத்து. எவ்வளவு போர்த்தினாலும் பின்னால் அந்த "ம்ம்ம்" இருந்தது.

"சுதா, இந்த ஃபேக்டரிச் சத்தம் சாரமில்லா, ஞான் எடுத்துக் களயாம்," என்றார். பரவாயில்லை, நீக்கிவிடலாம் என்று அவர் மலையாளத்தில் அர்த்தம். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டாம். கடை வேலையைப் போட்டுவிட்டு நாள்கணக்கில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு பாட்டிலிருந்தும் உரித்தெடுத்தார். கடைசியில் போட்டுக்காட்டியபோது என் குரலும் கிடாரும் மட்டும் இருந்தன. "இப்ப கேட்டா ஸ்டுடியோ மாதிரி இல்லே?" என்று அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கும்தான். ஃபேக்டரிக்குப் பின்னால் குடியிருக்கிற பெண் என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அந்த உரித்த பாட்டுகளைத்தான் இணையத்தில் ஏற்றினோம். அதில் ஒன்று ஓடியது.

*மஞ்சு வந்து கதவத் தட்டுது,*
*ஆரு ஊட்டு மஞ்சு நீ?*

கோயம்புத்தூர்க் காலேஜ்களில் அதைப் பாடுகிறார்கள் என்று சேதி வந்தது. யார் யாரோ கூப்பிட்டார்கள். ஜோபி அண்ணன் கடைக்கு வந்த எல்லோருக்கும் என்னைக் காட்டி, "இவளாக்கும்" என்றார்.

அடுத்த மழையில் அவர் கம்ப்யூட்டர் உள்ளே பூசணம் பிடித்துச் செத்துப்போனது. ஃபேன் சத்தத்தோடு இருந்த பழைய பதிவுகள் அதோடு போயின. ஒருவரும் கவலைப்படவில்லை. நல்ல பாட்டுகள்தான் இணையத்தில் பத்திரமாக இருக்கின்றனவே, போனது குப்பைச் சத்தம் இருந்த ஃபைல்கள்தானே என்றோம். இன்றைக்கு அதில் ஒரே ஒரு நிமிஷம் கிடைத்தாலும் என் மிச்ச ஆல்பங்கள் அத்தனையையும் கொடுத்துவிடுவேன். வாங்க ஆள் இல்லை.

முள் நடுவில் நின்றது

பெங்களூர் ஸ்டுடியோவில் சவுண்ட் என்ஜினியர் என் கிடாரில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார். கம்பியைத் தட்டச் சொன்னார். அதன் முள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் போய் நின்றது. இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னார். அந்தப் பாட்டுக்கு என் காது கேட்டபடி கம்பியைத் திருகிக்கொண்டேன். மறுபடி நடுவில், இப்போது கொஞ்சம் கீழே. அவர் நல்ல மனிதர், தமிழும் தெரியும். "மேடம், இது ரெண்டும் கெட்டானா இருக்கு. கீபோர்டு, பேஸ் எல்லாம் எங்க போய் உக்காரும்?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சூடானது. ஊரில் இருந்து வந்திருக்கிறோம், ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறோம் என்ற கூச்சம். அவசரமாக, "நீங்க சொல்றபடி வெச்சுக்கலாம் சார்," என்றேன். எல்லாப் பாட்டையும் ஐந்து கட்டைக்கு இறக்கினோம். "ஆரு ஊட்டு" புரியாது என்று "யார் வீட்டு" ஆனது. டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது. கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இப்போது வருத்தப்படுகிறேன் என்பதற்காக அன்றைய சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

அந்த சி.டி.யைத்தான் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் போட்டேன்.

அப்பா ஏன் எழுந்து போனார் என்று மறுநாள் காலையில் எனக்கே விளங்கியது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, பெங்களூரில் வைத்த சுருதியில் அப்படியே கிடாரை வாசித்தேன். காதுக்குள் "வவ்வவ்வ" என்று அந்தப் பழைய நடுக்கம். ஃபேன் ஒரு சுருதியில், நான் ஒரு சுருதியில். ஃபிட்டரின் காதுக்கு அது பேரிங் தேய்ந்த சத்தமாகக் கேட்டிருக்கிறது. வீட்டுக்குள் தப்பாக ஓடியதை அவர் ஃபேக்டரிக்குள் போய்த் தேடியிருக்கிறார்.

டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "அப்பா, நேத்து தப்பா ஓடுனது பேரிங் இல்லீங்க. என்ர பாட்டுதானுங்க."

ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அட, ஆமா சாமி. நீ ஊட்ல பாடறப்ப மிஷினோட சேந்து இருக்கும். இதுல மிஷின் எங்கயோ போயிருச்சு." ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு தடவ நம்ம மிஷினோட சேந்து பாடி எனக்கு ஒரு கேசட் போட்டுக் குடு. ரிட்டயரானப்பறம் வெச்சுக் கேட்டுக்கறேன்."

சி.டி. வந்த பிறகும் அவருக்கு எல்லாம் கேசட்தான். செய்கிறேன் என்றேன். பாட்டு விஷயத்தில் அவர் என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இது எந்த ஊரு மிஷின்?

அதற்குப் பிறகு என் சத்தம் எப்படியெல்லாம் மாறியது என்று இணையத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சகாலம் பேண்டோடு கத்தினேன். திறந்தவெளி மேடைகள், கலர் புகை. நிஜ மஞ்சுக்குள் வளர்ந்தவளுக்கு அந்தப் புகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். பேட்டி எடுத்தவர்கள் "மலையின் குரல்" என்றார்கள். அருவியையும் குயிலையும் கேட்டு வளர்ந்தீர்களா என்றார்கள். ஃபேன் சத்தம் கேட்டு வளர்ந்தேன் என்றால் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள், அச்சில் குயிலைப் போட்டார்கள்.

நடுவில் ஒரு டீத்தூள் விளம்பரத்துக்கும் பாடினேன். அப்பாவுக்குப் போனில் போட்டுக்காட்டினேன். "பாட்டு சரி. தூள்தான் டஸ்ட்டு, அடிமட்டத் தூளு, அத ஆரும் வாங்க வேண்டாம்னு சொல்லு," என்றார்.

பிறகு சென்னை. அங்கே எலக்ட்ரானிக் ஆல்பம் ஒன்று. அதில் என் குரலுக்கு அடியில் ஏதாவது ஒரு ரீங்காரம் வேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஃபேக்டரியை மனதில் வைத்துத்தான் கேட்டேன். அதை அமைத்தவர் மொட்டைமாடிக்குப் போய் ஏ.சி. மிஷின் சத்தத்தைப் பதிவு செய்து, நீட்டி, இழைத்துக் கொடுத்தார். எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் போட்டேன். ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டார்.

"இது எந்த ஊரு மிஷின்?"

"மெட்ராஸ் ஏ.சி.ங்க."

"அதான பாத்தேன். நம்ம மிஷினுக்கு இப்புடி மூக்குல பேசத் தெரியாது."

பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார் என்று எழுதினேன் அல்லவா, அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். அவர் காது போய்க்கொண்டிருந்தது. ரோலர் ரூமில் அத்தனை வருஷம் நின்றவருக்குக் காது இருந்ததே பெரிய விஷயம் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். முதலில் மெல்லிய சத்தங்கள் போகுமாம், பெண் குரல், குழந்தைக் குரல், குருவி. கனத்த சத்தம் கடைசிவரை கொஞ்சம் இருக்கும் என்றார்.

ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அப்பா கோபிக்குப் போகமாட்டேன் என்றார். புரோக்கரோடு வீடு பார்க்கப் போகும்போது கிணறு எங்கே, ரோடு எங்கே என்று கேட்காமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். ஃபேக்டரிக்குக் கீழ்ப்பக்கச் சரிவில், ஓடு பெயர்ந்த ஒரு வீட்டு முன்னால் நின்று, "இதான் அம்மிணி," என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அங்கே ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்டது.

அடுத்த சீசன்

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. கேசட் இன்னும் போடவில்லை. அவர் காது முழுசாக இருந்தபோது எனக்கு நேரம் இல்லை, எனக்கு நேரம் வந்தபோது அவர் காது பாதி.

ஒரு முழு ஆல்பத்தையும் ஃபேக்டரி மாடியில், வாட்டும் தொட்டிகளுக்கு நடுவில், ஃபேன் ஓட ஓடப் பதிவு செய்வது என்று முடிவு செய்தேன். பழைய பாட்டுகள், பழைய சுருதி, "ஆரு ஊட்டு" தான். அப்பாவே நேரில் போய் மேனேஜரிடம் அனுமதி வாங்கினார். "என்ர புள்ள மிஷினோட பாடப்போகுது," என்று பஜாரெல்லாம் சொல்லிவைத்தார். ஜோபி அண்ணன் தன் பங்குக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். சாமான்களோடு இரண்டு பேரைச் சென்னையிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊட்டி வரைக்கும் வந்துவிட்டோம். அங்கிருந்து கூடலூர் இறங்கும் ரோட்டில் மண் சரிந்துவிட்டது. மழை நிற்கவில்லை. ஜோபி அண்ணன் போனில், "திரும்பிப் போய் கேரளா வழி சுத்தி வா, நாடுகாணிச் சுரம் ஏறி வரலாம்," என்றார். கூட வந்தவர்களுக்கு வேறு வேலைகள் காத்திருந்தன. லாட்ஜில் காத்திருந்து பார்த்தோம். அப்பாவே போன் செய்து, "இந்த மழைல வேண்டாம் சாமி. மிஷின் எங்க போயிரும்? அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்," என்றார்.

ஃபிட்டரே சொல்லிவிட்டார், மிஷின் எங்கேயும் போகாது என்று. நாங்கள் திரும்பிவிட்டோம்.

அடுத்த சீசனுக்குள் எஸ்டேட் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் கொழுந்தை லாரியில் ஏற்றி வேறு ஃபேக்டரிக்கு அனுப்பிக்கொண்டார்கள். பழைய ஷாஃப்டும் ஃபேன்களும் இரும்பு எடைக்குப் போயின. எனக்கு இது அம்மா போன் செய்துதான் தெரியும். "அப்பன் தூங்கறதே இல்ல புள்ள. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு," என்றாள். "என்னன்னு கேட்டா, மிஷின் நின்னுருச்சுங்கறாரு."

இதில் யார் மேல் கோபப்படுவது? மண்ணின் மேலா, மழையின் மேலா? பழி போட ஓர் ஆள் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஊட்டிக்கும் தேவர்சோலைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தை இன்றைக்கும் மேப்பில் விரலால் அளந்து பார்க்கிறேன்.

கிடாரின் மேல் கை

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிக்கொடுத்த காது மிஷின் சுவர் அலமாரியில் டப்பாவோடு இருக்கிறது. அதைப் போட்டால் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்கிறதாம், மனுஷர் பேச்சு கேட்கவில்லையாம். "மிஷின்னா அது நமக்குப் பிடிச்ச மாதிரி ஓடோணும்," என்கிறார்.

இப்போதெல்லாம் நான் பேண்டு இல்லாமல், கம்ப்யூட்டர் இல்லாமல், கிடாரோடு தனியாகத்தான் பாடுகிறேன். என் சத்தம் முதிர்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். சுருதி சேர்த்துக்கொள்ள வேறொன்றும் பாக்கி இல்லை என்பதுதான் நிஜம்.

அன்றைக்கு எனக்கு ஓர் ஆசை. இணையத்தில் இருக்கும் என் மஞ்சுப் பாட்டைப் போனில் போட்டு, அதோடு சேர்த்துக் கிடாரை முறுக்கினேன். ஃபேன் சத்தத்தை உரித்துவிட்டாலும் சுருதியை உரிக்க முடியாதல்லவா. அது அந்தப் பாட்டுக்குள் அப்படியே இருந்தது. கம்பி அந்த இடத்தில் போய் உட்கார்ந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த அதே சுருதி.

கட்டிலில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, அவர் கையை எடுத்துக் கிடாரின் கட்டைமேல் வைத்தேன். தடித்த கம்பியைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். உள்ளங்கையை நன்றாகப் பரத்தி அழுத்தினார். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. இந்தத் தலைச்சாய்ப்பை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"பெல்ட் லூஸு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பொறுமையில்லாமல் விரலைத் திருகிக் காட்டினார். "மழை ஈரம். பெல்ட்ட இழு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மஞ்சுப் பாட்டு நான் ஆனி ஆடி மழையில் கட்டியது. ஒரு நூல் கீழே இருக்கும் பாட்டு.

கம்பியைக் கொஞ்சம் ஏற்றினேன். தட்டினேன். "ம்... இன்னும்." ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்... ஹா. போதும், போதும். அதான்."

கண்ணை மூடிக்கொண்டார். கையைக் கிடாரைவிட்டு எடுக்கவில்லை. நான் அந்தத் தடித்த கம்பியை விடாமல் தட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தேன். மஞ்சு வந்து கதவத் தட்டுது, ஆரு ஊட்டு மஞ்சு நீ. பெங்களூரில் விட்டுவந்த "ஆரு ஊட்டு"தான். கிடார் என் வயிற்றிலும் அவர் கையிலும் அதிர்ந்தது. ஒரு வரி விடாமல் முழுப் பாட்டையும் பாடினேன். நான் இவ்வளவு நன்றாகப் பாடி வெகுநாள் ஆயிற்று. அதை எந்தப் பெட்டியிலும் பதியவில்லை.

பாட்டு முடிந்தது. கம்பியை மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணைத் திறந்தார். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் வீடு அதிரச் சொன்னார்:

"நல்லா ஓடுது சாமி. மிஷின் நல்லா ஓடுது. இனி நீ பாடு, நான் கேக்கறேன்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.